சாங்கி – ஜேஎஃப்கே: தூரம் ஒன்று, நேரம் மட்டும் தளத்துக்குத் தளம் வேறு. எதை நம்புவது?

ஈசூன்_மீனா
வெள்ளி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவை நியூஜெர்சியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்புகிறோம். பேரனுக்கு ஆண்டு நிறைவு. அம்மாவுக்கு 71 வயது, முட்டி வலி உண்டு, தனியாகப் போகிறார். அக்டோபர் கடைசியில் போய் நவம்பர் கடைசியில் திரும்புவது திட்டம்.

எத்தனை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்று பார்க்கலாமே என்று தூரம் காட்டும் தளங்களைத் திறந்தேன். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையம் வரை 15,349 கிலோமீட்டர். இதில் இரண்டு தளங்களும் ஒன்றுபோலச் சொல்கின்றன. ஆனால் பறக்கும் நேரம் ஒன்றில் 17 மணி 33 நிமிடம், இன்னொன்றில் 19 மணி 41 நிமிடம். டிக்கெட் பக்கத்தைத் திறந்தால் பதினெட்டரைக்கு மேல். மூன்றும் மூன்று கதை.

இதில் தங்கை வேறு, "போகும்போது பசிபிக் மேல போகும், வரும்போது அட்லாண்டிக் மேல வரும்" என்கிறாள். இங்கே சிங்கப்பூருக்குள் ஈசூனிலிருந்து தேக்காவுக்குப் போகிற வழியும் திரும்பி வருகிற வழியும் ஒன்றுதானே? விமானத்துக்கு மட்டும் ஏன் இரண்டு?

இன்னொன்று: நிற்காமல் போகும் விமானமா, பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏறுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எடிசன்காரன்
வெள்ளி, இரவு 10.05

மீனா அக்கா, நான் இந்த வழியில் ஏழெட்டு முறை போய் வந்தவன். தங்கை சொல்வது சரி. இருக்கைக்கு முன்னால் இருக்கும் திரையில் வரைபடத்தைப் போட்டால் தெரியும். சாங்கியில் ஏறினால் தென்சீனக் கடல், தைவான், ஜப்பான் பக்கம், பிறகு பசிபிக்கின் தலைமாடு, அலாஸ்கா, கனடா என்று இறங்கும். திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா, துருக்கிப் பக்கம், பிறகு இந்தியா, வங்காள விரிகுடா. போய் வந்தால் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நேரம் எனக்கு ஒருமுறைகூட ஒன்றுபோல் அமைந்ததில்லை. ஒரு தடவை வானத்தில் இருந்தது பதினேழே கால் மணி, இன்னொரு தடவை பதினெட்டரையைத் தாண்டியது.

தங்கை எந்த ஊர்? எடிசன், ஐஸ்லின் பக்கம் என்றால் ஜேஎஃப்கேயை விட்டுவிட்டு நூவர்க் விமான நிலையத்துக்குப் போடுங்கள். அதற்கும் சிங்கப்பூரிலிருந்து நிற்காமல் விமானம் உண்டு. தூரத்தில் சுமார் ஐந்து கிலோமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ஜேஎஃப்கேயிலிருந்து எங்கள் பக்கம் வர, பாலத்தில் நெரிசல் பிடித்தால் இரண்டு மணி நேரம் காரில் உட்கார வேண்டும். பதினெட்டு மணி நேரத்துக்குப் பிறகு அந்த இரண்டு மணிதான் ஆளைக் கொல்லும்.

இரவுப்பணி
வெள்ளி, இரவு 11.30

விமானங்களுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். அந்தத் தளங்கள் இரண்டும் என்ன செய்கின்றன என்று சொல்கிறேன், சிரிப்பீர்கள்.

15,349ஐ 900ஆல் வகுங்கள். 17 மணி 3 நிமிடம். ஏற இறங்க என்று அரை மணி சேருங்கள். 17.33. முதல் தளம் முடிந்தது.
15,349ஐ 800ஆல் வகுங்கள். 19 மணி 11 நிமிடம். அரை மணி சேருங்கள். 19.41. இரண்டாவது தளமும் முடிந்தது.

அவ்வளவுதான் சூத்திரம். எந்த விமானம், எந்த மாதம், காற்று எந்தப் பக்கம், எந்த நாட்டு வானம் மூடியிருக்கிறது, எதுவும் அதற்குத் தெரியாது. சென்னை–மதுரைக்கும் இதே வகுத்தல்தான்.

டிக்கெட்டில் இருப்பது வேறு கணக்கு. வாயிலை விட்டு விமானம் பின்னால் நகர்வதிலிருந்து போய்ச் சேரும் ஊரில் வாயிலில் நிற்பது வரை. ஜேஎஃப்கேயில் மாலை, இரவு வேளையில் ஓடுபாதைக்கு வரிசை கட்டி நிற்பதும் அதில் சேர்த்தி. எடிசன் தம்பி சொல்லும் பதினேழே கால் வானத்தில் இருந்த நேரம் மட்டும். பல பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள்.

கணக்கு_கந்தன்
சனி, காலை 7.20

எனக்கு இந்தப் பசிபிக், அலாஸ்கா எல்லாம் சுத்தமாகப் புரியவில்லை. சுவரில் உலக வரைபடம் மாட்டியிருக்கிறேன். சிங்கப்பூர் கிட்டத்தட்ட பூமத்திய ரேகையில். நியூயார்க் கொஞ்சம் மேலே. அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் இந்தியப் பெருங்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக். அதுதானே நேர்க்கோடு? ஏன் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறார்கள்?

பூகோளவாத்தியார்
சனி, காலை 9.48

கந்தன், நான் ஈப்போவில் முப்பது வருடம் புவியியல் சொல்லிக் கொடுத்தேன். வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை இதே அளவுகோலோடு எழுந்து நிற்கும். தவறு உங்கள் மீது இல்லை, சுவரில் மாட்டிய வரைபடத்தின் மீது. உருண்டையைத் தட்டையாக்கும்போது துருவப் பக்கம் இழுபட்டுப் போகிறது. வட துருவம் என்ற ஒரு புள்ளி, வரைபடத்தின் மேல் விளிம்பு முழுவதுமாக நீண்டு கிடக்கிறது. அந்த விளிம்பு ஒரே புள்ளி என்று மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் ஓர் அழகு உண்டு. சாங்கி இருப்பது கிழக்கே சுமார் 104 பாகை. ஜேஎஃப்கே மேற்கே சுமார் 74 பாகை. கூட்டினால் 178. இன்னும் இரண்டு பாகை இருந்திருந்தால் சரியாக எதிரெதிர்ப் பக்கம். உருண்டையில் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும் இரண்டு ஊர்களுக்குக் குறுக்கு வழி எது? உச்சி வழிதான். துருவத்துக்கு ஏறி, அந்தப் பக்கம் இறங்குவது.

அதனால் இந்தத் தூரத்தைக் கணினி இல்லாமலே போடலாம். சாங்கி வடக்கே 1.36 பாகை. அங்கிருந்து துருவத்துக்கு 90 கழித்தல் 1.36, அதாவது 88.64. ஜேஎஃப்கே வடக்கே 40.64 பாகை. துருவத்திலிருந்து அங்கே இறங்க 49.36. இரண்டையும் கூட்டுங்கள்: 138. ஒரு பாகைக்குச் சுமார் 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 15,346. தளம் சொல்வது 15,349. மூன்று கிலோமீட்டர் வித்தியாசம், அதுவும் கைக்கணக்கில்!

சரியாக எதிரெதிரே இல்லாததால் கோடு துருவத்தைத் தொடாது, 280 கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளிப் போகும். தாய்லாந்து, சீனா, மங்கோலியா, சைபீரியா, ஆர்க்டிக் பனி, கனடா, நியூயார்க். இதுதான் அந்த 15,349.

ஈசூன்_மீனா
சனி, மதியம் 1.15

ஐயா, படித்தவுடன் மகனுடைய உலக உருண்டையை எடுத்து வைத்துக்கொண்டோம். அம்மா பூ கட்டும் நூலில் ஒரு முழம் கொடுத்தார். சிங்கப்பூரில் ஒரு முனையை மகன் பெருவிரலால் அழுத்திக்கொண்டான், நான் நியூயார்க்கில் இழுத்துப் பிடித்தேன். நூல் தானாக மேலே ஏறிப் போகிறது! ஆப்பிரிக்கா பக்கம் இழுத்து வைத்தால் தொய்ந்து கீழே விழுகிறது. ஒரே தொல்லை, உருண்டையின் உச்சியில் இருக்கும் திருகு. நூல் அதன் ஓரத்தில் இடறி வழுக்கிக்கொண்டே இருந்தது. துருவத்துக்கு அவ்வளவு பக்கத்தில் போகிறது என்பதை அந்தத் திருகே சொல்லிவிட்டது.

அம்மா கேட்ட கேள்வி: "அங்க குளிராதா?"

ஆனால் எடிசன் தம்பி சொன்ன பாதை இது இல்லையே? அவர் அலாஸ்கா என்கிறார், நூல் மங்கோலியா என்கிறது.

இரவுப்பணி
சனி, மாலை 4.40

அம்மா கேட்டதுதான் எங்கள் அலுவலகத்திலும் கேட்கும் கேள்வி. குளிரும். விமான எரிபொருளுக்கும் உறைநிலை உண்டு. அமெரிக்காவில் போடும் வகைக்கு மைனஸ் 40 பாகை, மற்ற நாடுகளில் போடும் வகைக்கு மைனஸ் 47. ஆர்க்டிக் வானத்தில் சில நாள் வெளிக்காற்று அதைவிடக் கீழே போகும். உடனே எண்ணெய் உறைந்துவிடாது, விமானம் வேகமாக ஓடுவதால் கொஞ்சம் சூடு ஏறும். ஆனாலும் கவனிக்க வேண்டும். தேவைப்பட்டால் உயரம் குறைத்துப் பறப்பார்கள். வழியில் ஒரு பயணிக்கு உடம்பு சரியில்லை என்றால் இறங்க எந்த ஊர் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். அங்கே ஊரே குறைவு.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான், துருவம் வழியாக விமானங்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. நூல் காட்டும் பாதையைத் தடுக்கும் இரண்டு விஷயங்கள் வேறு.

ஒன்று, வானத்துக்கும் எல்லை உண்டு. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளியைப் பல நிறுவனங்கள் தவிர்க்கின்றன, பல நாட்டு நிறுவனங்களுக்கு அது மூடியே கிடக்கிறது. சைபீரியா போய்விட்டால் நூலின் நடுப்பகுதியே அறுந்த மாதிரி. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பது மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த ஃபின்ஏர் பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. ஊர் நகரவில்லை, தூரம் காட்டும் தளத்திலும் எண் மாறவில்லை. நேரம் மட்டும் நான்கு மணி கூடிவிட்டது.

இரண்டு, காற்று. இதுதான் பெரிய விஷயம். சாங்கியில் நகரும் நடைபாதை இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நடக்கும் வேகம் ஒன்றுதான். பாதை உங்களோடு நகர்ந்தால் பறந்து போவீர்கள். எதிர்த் திசையில் ஓடும் பாதையில் ஏறினால் நடந்தும் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் அப்படி ஒரு நகரும் பாதை மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. தாரைக்காற்று என்று புத்தகத்தில் போடுவார்கள், நாங்கள் ஜெட் ஸ்ட்ரீம் என்போம். மணிக்கு 200 கிலோமீட்டர் என்பது சாதாரணம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே 300ஐத் தாண்டுவதும் உண்டு.

கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். நேர்வழி 15,300, முகத்தில் சராசரி 40 கிலோமீட்டர் எதிர்க்காற்று. விமானம் 900 போனாலும் தரையைப் பொறுத்தவரை 860தான். 17 மணி 47 நிமிடம் ஆகும். சுற்றுவழி 16,500, முதுகில் சராசரி 60 கிலோமீட்டர் காற்று. தரை வேகம் 960. 17 மணி 11 நிமிடம். 1,200 கிலோமீட்டர் அதிகமாகப் போயும் அரை மணிக்கு மேல் முன்னால் வந்துவிடுவீர்கள், எண்ணெயும் மிச்சம். அதனால்தான் போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. தேக்காவுக்குப் போய்வர இப்படி ஒரு காற்று அடித்தால் பேருந்தும் அதைத்தான் செய்யும்.

பாதை தினமும் புதிது. காற்று முன்னறிவிப்பு வந்த பிறகு, புறப்படச் சில மணி நேரம் முன்னால்தான் அன்றைய கோடு முடிவாகும். எனவே "எந்த வழியாகப் போகும்" என்று டிக்கெட் எடுக்கும்போதே யாராலும் சொல்ல முடியாது.

கணக்கு_கந்தன்
சனி, மாலை 5.02

அப்படியென்றால் அந்த 15,349 என்பது யாருமே பறக்காத தூரமா?

இரவுப்பணி
சனி, மாலை 5.10

ஆமாம். இதற்குக் கீழே போக முடியாது என்று காட்டும் எண் அது. ஒவ்வொரு நாளும் அதைவிடக் கூடத்தான் பறக்கிறார்கள்.

அண்ணாநகர்_ரவி
சனி, மாலை 6.33

நடுவில் புகுந்து ஒரு கேள்வி. சென்னையிலிருந்து நியூயார்க் போக ஒருவர் எனக்குச் சிங்கப்பூர் வழியாக டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்கிறார். விலை குறைவாம். போகலாமா?

எடிசன்காரன்
சனி, இரவு 8.21

ரவி, சென்னை–நியூயார்க் நூல் பிடித்தால் சுமார் 13,500 கிலோமீட்டர். நீங்கள் முதலில் எதிர்த் திசையில் 2,900 கிலோமீட்டர் போய், அங்கிருந்து 15,349. கிட்டத்தட்ட 4,750 கிலோமீட்டர் கூடுதல். திரும்பும்போது அதைவிட வேடிக்கை. எனக்கு நடந்தது: சிங்கப்பூர் வழியாக ஊருக்கு வந்துகொண்டிருந்தேன், திரையில் நாக்பூர் தெரிகிறது, அப்புறம் வங்காள விரிகுடா. கீழே நம் ஊர், இறக்கிவிடத்தான் ஆள் இல்லை. நாலு மணி நேரம் தாண்டிப் போய் சாங்கியில் இறங்கி, காத்திருந்து, மறுபடி நாலு மணி நேரம் வந்த வழியே திரும்பினேன். பணம் மிச்சம்தான், மறுக்கவில்லை.

மீனா அக்கா கேட்ட பிராங்க்ஃபர்ட் வழி அப்படி இல்லை. சிங்கப்பூர்–பிராங்க்ஃபர்ட் சுமார் 10,280, அங்கிருந்து ஜேஎஃப்கே 6,190. மொத்தம் 16,470. தூரத்தில் பெரிய நட்டம் இல்லை. ஆனால் நேரம் ஏறக்குறைய 24 மணி. நடுவில் எல்லாரும் இறங்கி, பாதுகாப்புச் சோதனை முடித்து, மறுபடி ஏற வேண்டும். அதில் சிக்கன வகுப்பு உண்டு. நிற்காமல் போகிற விமானத்தில் அது கிடையாது, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஈசூன்_மீனா
சனி, இரவு 8.50

சிக்கன வகுப்பே இல்லையா? டிக்கெட் பக்கத்தில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. இடம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்!

இரவுப்பணி
சனி, இரவு 10.17

இல்லை. அந்தப் பாதைக்கென்றே செய்த ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர், சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் ஏழு இருக்கின்றன. மொத்த இருக்கை 161தான்: வணிக வகுப்பு 67, உயர்சிக்கன வகுப்பு (பிரீமியம் எகானமி) 94. சாதாரண ஏ350யில் 250, 300 பேரை ஏற்றுவார்கள்.

ஏன் இவ்வளவு குறைவு? எடைதான். தொட்டியில் 165,000 லிட்டர் பிடிக்கும். நிறைந்தால் அது மட்டும் 130 டன் அளவுக்கு வரும். விமானம் புறப்படும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடை 280 டன். கிட்டத்தட்ட பாதி எண்ணெய்! பதினெட்டாவது மணி நேரத்துக்கு வேண்டிய எண்ணெயை முதல் பதினேழு மணி நேரம் சுமக்கவே எண்ணெய் எரிகிறது. சோற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறவன், மூட்டை கனத்தால் இன்னும் சோறு தின்ன வேண்டியிருப்பது போல. அதனால்தான் புறப்பட்டவுடன் உச்சிக்கு ஏற மாட்டார்கள். எண்ணெய் தீரத் தீர, படிப்படியாக உயரம் கூட்டுவார்கள்.

இந்த எண்ணெய்க் கணக்கு ஒருமுறை தோற்றும் இருக்கிறது. 2004இலேயே நூவர்க்குக்கு நிற்காமல் போனார்கள், நான்கு எஞ்சின் ஏ340-500இல். 2008இல் எல்லா இருக்கையையும் வணிக வகுப்பாக்கி நூறே பேரை ஏற்றிப் பார்த்தார்கள். நான்கு எஞ்சின் குடிக்கும் எண்ணெய்க்குக் கட்டுப்படியாகவில்லை, 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து, 2018 அக்டோபரில் இரண்டு எஞ்சின் ஏ350 வந்த பிறகுதான் மறுபடி. ஜேஎஃப்கேக்கு 2020 நவம்பரில் தொடங்கினார்கள்.

கொழும்பு_13
ஞாயிறு, காலை 6.55

நீண்ட பறப்பு என்று கதைக்கிறீர்கள், எங்கட ஊர்க் கதை ஒன்று இருக்குது. இலங்கையில் காலி நகருக்குப் பக்கத்தில் கொக்கல என்று ஒரு களப்பு, கடலோர ஏரி. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் ஜப்பான் கையில் விழுந்த பிறகு, ஆஸ்திரேலியாவுக்கும் இந்தப் பக்கத்துக்கும் இருந்த வான்வழி அறுந்து போச்சுது. 1943இல் குவாண்டாஸ் நிறுவனம் கட்டலினா கடல் விமானத்தை பெர்த்திலிருந்து கொக்கலவுக்கு ஓட்டத் தொடங்கியது. நேர்த்தூரம் சுமார் 5,650 கிலோமீட்டர்தான், ஆனால் பறக்க எடுத்தது 27 முதல் 33 மணித்தியாலம். ஏற்றியது அதிகபட்சம் மூன்று பயணிகள், மிச்சம் தபால். ரேடியோ பேசக்கூடாது, ஜப்பான்காரனுக்குக் கேட்டுவிடும். நட்சத்திரம் பார்த்துத்தான் வழி. ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்ப்பார்கள், அதற்குச் சான்றிதழும் கொடுத்தார்களாம்.

மீனா, உங்கட அம்மாவிடம் சொல்லுங்கோ, பதினெட்டு மணித்தியாலம் பெரிய விஷயமில்லை.

தாதி_செல்வி
ஞாயிறு, காலை 10.30

நான் இங்கே மருத்துவமனையில் தாதி. கொழும்பு அண்ணன் சொல்வதைக் கேட்டு அம்மாவை அசையாமல் உட்கார வைத்துவிடாதீர்கள்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே காலில் ரத்தம் உறையும் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு ஆகிறது என்று உலகச் சுகாதார அமைப்பின் ஆய்வு 2007இல் சொன்னது. பயப்பட வேண்டாம், அதே ஆய்வில் ஆரோக்கியமானவர்களுக்கு ஆறாயிரத்தில் ஒருவர் என்ற அளவுதான். ஆனால் 71 வயது, முட்டி வலி என்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே அனுப்புங்கள். இறுக்கக் காலுறை போடலாமா என்பதையும் அவரே சொல்லட்டும், ரத்த ஓட்டக் குறை இருப்பவர்களுக்கு அது ஆகாது.

ஓர இருக்கை எடுங்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் பக்கத்து ஆளை எழுப்பக் கூச்சப்பட்டு அம்மாக்கள் பத்து மணி நேரம் கழிவறைக்கே போக மாட்டார்கள். கூச்சத்தில் தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். உள்ளே காற்றில் ஈரம் இருபது சதவீதம்கூட இருக்காது. என் மாமியாரிடம் கண்டது இது.

மாத்திரை நேரத்தைச் சிங்கப்பூர் மணிக்கே வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், இறங்கிய பிறகு மாற்றலாம். கைக்கடிகாரத்தைத் தொட வேண்டாம். நீரிழிவு ஊசி போடுபவராக இருந்தால் மட்டும் மருத்துவர் தனியாக அட்டவணை போட்டுத் தருவார்.

எடிசன்காரன்
ஞாயிறு, மதியம் 12.10

தாதி அக்கா சொன்ன கடிகாரத்தில் ஒரு வசதி உண்டு. அக்டோபரில் நியூயார்க் கோடை நேரத்தில் இருக்கும், சிங்கப்பூரோடு வித்தியாசம் சரியாக 12 மணி. அம்மாவின் கடிகாரத்தில் முள்ளை மாற்றவே வேண்டாம், காலையை இரவு என்று நினைத்துக்கொண்டால் போதும். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளிவிடுவார்கள், அப்புறம் 13.

நடுவில் இறங்கும் விமானம் பற்றி. என் மாமாவை ஒரு முகவர் இரண்டு வேறு வேறு டிக்கெட்டாகப் போட்டு, "ஒரே நிறுத்தம்தான்" என்று சொல்லி அனுப்பினார். நடுவில் ஓர் ஊரில் சக்கர நாற்காலி வர ஒரு மணி நேரம் ஆயிற்று, அடுத்த விமானம் போய்விட்டது. தனித்தனி டிக்கெட் என்பதால் யாரும் பொறுப்பேற்கவில்லை. அன்று இரவு முழுக்க வாயிலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தனியாகப் போகும் பெரியவர்களுக்கு என் ஓட்டு நிற்காத விமானத்துக்குத்தான். இறங்கி ஏறத்தான் வேண்டுமென்றால் ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.

ஈசூன்_மீனா
ஞாயிறு, இரவு 9.05

எல்லாருக்கும் நன்றி. தம்பியும் நானும் ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு நிற்காத விமானத்தில் உயர்சிக்கன வகுப்பு எடுத்துவிட்டோம், ஓர இருக்கை. தங்கை ஜேஎஃப்கே இருக்கும் குயின்ஸ் பகுதியில் வேலை முடித்துக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னதால் ஜேஎஃப்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். எடிசன் தம்பி கோபிக்க வேண்டாம்.

டிக்கெட்டைக் கையில் வாங்கிய பிறகு அம்மா ஒரு கேள்வி கேட்டார், எனக்கு விடை தெரியவில்லை. திரும்பும்போது ஞாயிற்றுக்கிழமை இரவு புறப்பட்டு செவ்வாய்க்கிழமை விடிகாலை சிங்கப்பூரில் இறங்குகிறார். "நடுவுல திங்கட்கிழமை எங்கடி?" என்கிறார். அது கார்த்திகை மாதம். நாற்பது வருடமாகச் சோமவார விரதம் விட்டதில்லை, சூரியன் மறையும் வரை சாப்பிட மாட்டார். திங்கள் முழுக்க வானத்தில் போனால் விரதம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது?

சிரிக்காதீர்கள். டிக்கெட்டை மாற்றச் சொல்கிறார்.

இரவுப்பணி
ஞாயிறு, இரவு 10.20

சிரிக்கவில்லை. 2020இல் தொடங்கியபோது இருந்த அட்டவணையை வைத்துச் சொல்கிறேன். நியூயார்க்கில் ஞாயிறு இரவு 10.30க்குப் புறப்பாடு, சிங்கப்பூரில் செவ்வாய் காலை 6.10க்கு வருகை. 18 மணி 40 நிமிடம். அதே அட்டவணையில் போகும்போது விடிகாலை 2.25க்குக் கிளம்பி அதே நாள் காலை 7.30க்கு இறங்குவார்கள், நாள்காட்டியில் ஐந்து மணி நேரம்தான். போகும்போது தேதிக்கோடு கொடுப்பதை வரும்போது நேர வித்தியாசம் பிடுங்கிக்கொள்ளும். பகல் எவ்வளவு நேரம் என்பதை வாத்தியார் ஐயா சொல்லட்டும்.

பூகோளவாத்தியார்
திங்கள், காலை 8.40

இரவு தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தரையில் நிற்கும் நமக்குச் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. அம்மா கிழக்கே போகிறார், அதாவது சூரியனுக்கு எதிரே. ஐரோப்பா இருக்கும் அட்சரேகையில் மணிக்கு 900 கிலோமீட்டர் என்பது சுமார் 11 பாகை. இரண்டையும் கூட்டினால் 26. நவம்பர் கடைசியில் அந்தப் பக்கம் பகல் பத்து மணி நேரத்துக்குள்தான். அதை 26க்கு 15 என்ற விகிதத்தில் சுருக்கினால் ஐந்தரை, ஆறு மணி நேரம்.

நியூயார்க்கில் இரவு 10.30க்கு ஏறினால் நாலரை, ஐந்து மணி நேரத்தில், அயர்லாந்துப் பக்கம், சூரியன் உதிக்கும். காஸ்பியன் கடல் பக்கம் போவதற்குள் மறைந்துவிடும். அதுதான் அம்மாவின் திங்கட்கிழமை. காலையும் மதியமும் மாலையும் எல்லாம் உண்டு, அளவுதான் பாதி. அது முடிந்த பிறகும் சிங்கப்பூருக்கு எட்டு, ஒன்பது மணி நேர இரவு பாக்கி இருக்கும்.

அண்ணாநகர்_ரவி
திங்கள், காலை 9.15

அஸ்தமனம் எந்த ஊர்ப் பஞ்சாங்கப்படி? வாக்கியமா, திருக்கணிதமா? :)

தாதி_செல்வி
திங்கள், காலை 11.00

ஆறு மணி நேரம் என்றால் நானே அனுமதி கொடுக்கிறேன். தண்ணீர் மட்டும் குடிக்கச் சொல்லுங்கள்.

ஈசூன்_மீனா
(மூன்று வாரம் கழித்து) புதன், இரவு 8.30

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த இழையைத் தொடங்கியதே நான்தான், முடிவு சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

சாங்கியில் விமானம் நாற்பது நிமிடம் தாமதமாகத்தான் வாயிலை விட்டது. நான் இங்கே கைபேசியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜப்பானுக்குக் கிழக்கே போன பிறகு தரை வேகம் 1,050ஐத் தாண்டியது. இரவுப்பணி அண்ணன் சொன்ன நகரும் நடைபாதை. ஜேஎஃப்கேயில் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் இறங்கிவிட்டது.

அம்மாவின் கடிகாரம் சிங்கப்பூர் மணியிலேயே ஓடுகிறது. தங்கை வீட்டுக் கடிகாரத்தோடு ஒத்துப்போகிறது என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். அடுத்த மாதம் ஒரு மணி நேரம் தவறிப்போகும் என்று இன்னும் சொல்லவில்லை.

டிக்கெட்டை மாற்றச் சொல்வதை விட்டுவிட்டார். ஆனால் திரும்பும்போது ஓர இருக்கை வேண்டாமாம், ஜன்னல்தான் வேண்டுமாம். சூரியன் மறைவதைக் கண்ணால் பார்த்த பிறகே சாப்பிடுவாராம். எந்தப் பக்கம் எடுப்பது, இடதா வலதா?

பூகோளவாத்தியார்
புதன், இரவு 9.10

கிழக்கே போகும்போது நவம்பர்ச் சூரியன் தெற்கே நிற்கும். வலது பக்கம் எடுங்கள். இறக்கைக்கு முன்னால் கிடைக்காவிட்டால் நன்றாகப் பின்னால் தள்ளி எடுங்கள். மறையும்போது சூரியன் பின்பக்கமாகத்தான் இறங்கும்.